நூலைத் தெரிந்து வாங்குவோம்

இழை, நிறம், துவைப்பு ஆகிய மூன்றையும் முன்கூட்டி எண்ணும் முறை

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டங்களிலே அடிக்கடி விவாதத்திற்கு வரும் பொருள்கள் பல. கூலி விகிதம், தள்ளுபடி மானியம், தேங்கிக் கிடக்கும் சரக்கு முதலியவை அவற்றுள் முதன்மையானவை. இவை யாவற்றுக்கும் முன்னதாக எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது நூல். தறியில் ஏறிவிட்ட நூலின் குணத்தை எத்துணைக் கைத்திறன் படைத்த நெசவாளியாலும் மாற்ற இயலாது. நல்ல நூலைக் கொண்டு நெய்யும் துணிக்கும், தரங்குறைந்த நூலைக் கொண்டு நெய்யும் துணிக்கும் செலவாகும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. பல வேளைகளில் பின்னதற்கே உழைப்பு மிகுதி. ஆயினும் சந்தையிலே கிடைக்கும் மதிப்பு இரண்டிற்கும் ஒன்றாக இருப்பதில்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். நல்ல நூலில் ஒரு நாளைக்குப் பாவிலே 10 இழைகள் அறுவதாகவும், மட்டமான நூலில் 70 இழைகள் அறுவதாகவும் வைத்துக்கொள்வோம். அறுந்த இழையைத் தேடி, விழுதிலும் அச்சிலும் கோத்து முடிபோட ஒரு நிமிடம் எனக் கொண்டாலும், 60 நிமிடங்கள் வீணாகின்றன. எட்டு மணி நேரம் தறியில் அமர்பவரின் வருவாயில் எட்டில் ஒரு பங்கு இவ்வாறு கரைந்துவிடுகிறது. கூலி நெய்த அளவுக்கே வழங்கப்படுவதால் இந்த நட்டம் சங்கத்தின் பேரேட்டில் தோன்றாது. நெசவாளியின் அடுப்படியிலேயே தோன்றும். ஆகவே நூல் வாங்குதல் என்பது கொள்முதல் செய்வோரின் தனிப் பொறுப்பன்று. அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது. பருத்தி பயிரிடும் அங்கத்தினருக்கும் இதிலே பங்குண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

நூலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளல் நலம். எவ்வகை இழை? எவ்வகைச் சாயம்? வாங்குபவர் இதை எவ்வாறு துவைப்பார்? வழக்கமாக நாம் முதலில் நிறத்தைப் பார்க்கிறோம், பிறகு விலையைக் கேட்கிறோம், துவைப்பைப் பற்றி எண்ணுவதே இல்லை. உண்மையில் மூன்றாவது வினாவிலிருந்து தொடங்குவதே முறையாகும். அன்றாடம் சவுக்காரம் இட்டு அடித்துத் துவைக்கப்படும் துண்டுக்கு வேண்டிய நூல் வேறு. ஆண்டுக்குச் சில முறையே வெளியில் எடுக்கப்படும் சேலைக்கு வேண்டிய நூல் வேறு. குழந்தையின் உடலோடு ஒட்டிக் கிடக்கும் பின்னல் சட்டைக்கு வேண்டிய நூல் வேறு.

பஞ்சின் குணமே நூலின் குணம்

நூலின் வலிமைக்கும் மென்மைக்கும் அடிப்படை பஞ்சின் இழை நீளமாகும். நம் நாட்டு வழக்கில் 20 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்ததும் குட்டை இழை, 20.5 முதல் 24.5 வரை நடுத்தரம், 25 முதல் 27 வரை நடுத்தர நீளம், 27.5 முதல் 32 வரை நீண்ட இழை, 32.5-க்கு மேற்பட்டது மிக நீண்ட இழை. நீளம் கூடக் கூட மெல்லிய நூல் நூற்க முடியும். ஒன்றோடொன்று தழுவி நிற்கும் பரப்பு நீண்ட இழைகளுக்கு மிகுதியாதலின், குறைந்த முறுக்கிலேயே அவை உறுதியாக நிற்கின்றன.

தமிழ்நாட்டின் கரிசல் நிலத்திலே தொன்று தொட்டு விளைந்த கருங்கண்ணி, குட்டையும் நடுத்தரமுமான இழை கொண்டது. முரட்டு நூலுக்கு ஏற்றது, வறட்சியைத் தாங்குவது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்த கம்போடியா பருத்தியும், அதன் வழியில் தோன்றி 1968-இல் வெளியிடப்பட்ட எம்.சி.யு. 5 ரகமும் நடுத்தர, மெல்லிய நூலுக்கு வழி வகுத்தன. கோயமுத்தூரில் சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் தீவின் பருத்தியையும் இணைத்து 1974-இல் உருவாக்கப்பட்ட சுவின் ரகமோ, நூறாம் நம்பரும் அதற்கு மேலும் நூற்கத்தக்கது. அதன் பெயரே அவ்விரு பெற்றோரின் பெயர்களிலிருந்து ஆக்கப்பட்டதாகும்.

பயிரிடுவோர் ஈண்டு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். சாயமேற்றிய நூலில் ஆங்காங்கே வெண்புள்ளிகள் தென்பட்டால் சாயக்காரரையே நாம் குறை கூறுகிறோம். பெரும்பாலும் அக்குறை வயலிலும் களத்திலும் பிறந்ததாகவே இருக்கும். முதிராத காயிலிருந்து எடுத்த பஞ்சின் இழைச் சுவர் மெல்லியது. அது சாயத்தைச் சரிவரப் பற்றாது. சிறு முடிச்சாகச் சுருண்டு நூலிலே நிற்கும். உரச் சாக்கிலிருந்து பிரிந்து பருத்தியோடு கலந்துவிடும் பிளாஸ்டிக் இழையோ, பருத்திச் சாயம் எதையும் ஏற்பதில்லை. ஆலையில் அதைப் பொறுக்கி எடுப்பது கடினம். துணி சாயமேறி வந்த பிறகுதான் அது கண்ணில் படும். நன்கு வெடித்த காய்களை மட்டும் பனி உலர்ந்த பின் எடுத்தல், பருத்தித் துணியால் ஆன பைகளிலே சேர்த்தல், கடைசி எடுப்பை முதல் எடுப்போடு கலவாமல் வைத்தல் ஆகிய மூன்றும் பயிரிடுவோர் நெசவாளிக்குச் செய்யும் பேருதவியாகும். தரம் பிரித்து விற்கும் சங்கங்களில் இதற்குரிய விலையும் அவர்களுக்கே வந்து சேரும்.

நம்பரும் எடையும் முறுக்கும்

நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை உள்ளன என்பதைக் குறிக்கும். நாற்பதாம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 40 சிட்டங்கள், அதாவது 33,600 கெஜம் இருக்க வேண்டும். இக்கணக்கை அறிந்தவர் ஒரு சிறு தராசைக் கொண்டே நூலைச் சோதிக்கலாம். 840 கெஜச் சிட்டம் ஒன்றின் எடை இருபதாம் நம்பரில் சுமார் 22.7 கிராம்; நாற்பதாம் நம்பரில் 11.3 கிராம், அறுபதாம் நம்பரில் 7.6 கிராம், எண்பதாம் நம்பரில் 5.7 கிராம், நூறாம் நம்பரில் 4.5 கிராம். சிட்டம் 1,000 மீட்டராகக் கட்டப்பட்டிருப்பின், நாற்பதாம் நம்பரின் எடை சுமார் 14.8 கிராம் வரும். கட்டிலே அறுபது என்று எழுதியிருக்க, சிட்டத்தின் எடை ஐம்பதாம் நம்பருக்குரியதாக இருந்தால், அதே பணத்திற்கு நமக்குக் கிடைக்கும் நூலின் நீளம் குறைகிறது. நெய்யும் துணியும் கனத்துப் போகிறது.

ஈரத்தையும் கவனிக்க வேண்டும். பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உலர்ந்த எடை 100 கிலோவுக்கு 8.5 கிலோ ஈரம் என்பது வணிகத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. ஈரம் 12 கிலோவாக இருந்தால், மிகுதியான 3.5 கிலோ தண்ணீருக்கும் நூலின் விலையையே சங்கம் கொடுக்கிறது. மழைக்காலத்தில் வந்திறங்கும் கட்டுகளை எடை போடும்போது இது நினைவில் இருத்தற்குரியது.

முறுக்கு மூன்றாவது. பாவு நூல் அச்சின் உராய்வையும் விழுதின் இழுப்பையும் தாங்க வேண்டும். ஆதலின் அதற்கு முறுக்கு மிகுதி. நாற்பதாம் நம்பர்ப் பாவு நூலுக்கு அங்குலத்திற்கு ஏறத்தாழ 27 முறுக்குகள் தேவை. அதே நம்பரில் பின்னலாடைக்குரிய நூலுக்கு 22 அளவே போதுமானது. ஊடை நூலுக்கும் பாவைவிடச் சற்றுக் குறைந்த முறுக்கே போதும். துணிக்கு நிறைவையும் மென்மையையும் தருவது ஊடையே. இரட்டை இழை நூல் விலை கூடியதாயினும், ஒற்றை இழையிலுள்ள மெலிந்த இடங்களை ஒன்றுக்கொன்று ஈடு செய்யும். இரண்டு எண்பதாம் நம்பர் இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூல், கனத்தில் நாற்பதாம் நம்பருக்குச் சமமாயினும் உறுதியிலும் சீரிலும் மேம்பட்டது.

பின்னலுக்குரிய நூல்

பல ஊர்களில் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களின் பெண்கள் ஓய்வு வேளைகளில் ஊசிகொண்டு சட்டை, குல்லாய், காலுறை முதலியவற்றைப் பின்னுகின்றனர். நெசவுத் துணியில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று பூட்டி நிற்கின்றன. பின்னலிலோ இழை வளையம் வளையமாகச் செல்கிறது; வளையம் நீளும், சுருங்கும். எனவே மிகு முறுக்குள்ள நூலைப் பின்னலுக்கு எடுத்தால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணும். முறுக்கு மிகக் குறைந்தாலோ, உராயும் இடமெல்லாம் சிறு உருண்டைகள் கிளம்பும். விரல்களுக்கிடையே நூலை உருட்டிப் பார்த்து, மென்மையும் கட்டுறுதியும் ஒருங்கே உள்ளதைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

கம்பளி நூலின் குணங்கள் தனிப்பட்டவை. கம்பளி இழையின் மேற்புறத்தில் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. வெந்நீர், சவுக்காரம், கசக்குதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அச்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். ஆடை சுருங்கி நமுத்துத் தடித்துவிடும். அவ்வாறு நமுத்ததை மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவர இயலாது. கம்பளிக்குக் காரமும் பகை. சலவைச் சோடாவை அதன் அருகிலும் கொண்டு செல்லலாகாது. நம் மாநிலத்தின் வெப்பச் சமவெளிகளில் கம்பளிக்குத் தேவை குறைவாயினும், நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் அது அன்றாடத் தேவையாகும். உடைக்கேற்ற மெல்லிய உரோமம் தரும் நீலகிரிச் செம்மறி இனம் அங்கேயே உருவானது. சாண்டிநல்லாவிலுள்ள ஆராய்ச்சி நிலையம் அவ்வினத்தைப் பேணி வருகிறது. சமவெளி ஆடுகளின் முரட்டு உரோமம் போர்வைக்கும் விரிப்புக்குமே உகந்தது; குழந்தையின் கழுத்தில் உராயும் ஆடைக்கு அதைப் பயன்படுத்தலாகாது.

அக்ரிலிக் என்னும் செயற்கை நூல் கம்பளி போலத் தோன்றும்; விலை குறைவு; எளிதில் துவைக்கலாம்; பூச்சி அரிக்காது. ஆயினும் வியர்வையை உறிஞ்சாது. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருவிழந்துவிடும். ரேயான் எனப்படும் விஸ்கோஸ் நூலுக்குப் பளபளப்பும் குளுமையும் உண்டு. நனைந்தவுடன் அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதனை முறுக்கிப் பிழிதல் கூடாது. பருத்திக்கோ நனைந்தபோது வலிமை கூடுகிறது. கல்லில் அடித்துத் துவைக்கும் நம் நாட்டு வழக்கத்தைப் பருத்தி தாங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எந்த நூலாயினும், பின்னத் தொடங்குமுன் பத்துச் சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னி, துவைத்து, உலர்த்தி, மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். சுருக்கம் எவ்வளவு என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒரே ஆடைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே சாயத் தொகுதியிலிருந்து ஒரே முறையில் வாங்குதலும் அவசியம். உறையில் அச்சிட்டுள்ள தொகுதி எண்ணைப் பார்த்து வாங்கினால், கையொரு நிறம், மார்பொரு நிறம் என்னும் இழிவு நேராது.

நிறம் கண்ணுக்கும் தண்ணீருக்கும்

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சிட்டத்தைக் கடையின் விளக்கொளியில் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. விளக்கொளியில் ஒன்றாகத் தோன்றும் இரு சிவப்புகள் பகலொளியில் வேறுபடக் காண்கிறோம். வெளியே கொண்டு வந்து நிழலில் வைத்துப் பார்ப்பதே சரியான முறை. மேலும், சிட்டத்தில் தோன்றும் நிறம் துணியில் அப்படியே அமைவதில்லை. பாவும் ஊடையும் கலந்து மூன்றாவது நிறத்தை உண்டாக்குகின்றன. நீலப் பாவில் பச்சை ஊடை ஓடும்போது பிறக்கும் மயில் கழுத்து நிறம் நம் நெசவாளிகள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் கலையாகும். ஆகவே புதிய நிறச் சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் அளவாவது மாதிரி நெய்து பார்ப்பது பின்னர் நேரும் பெரும் இழப்பைத் தடுக்கும்.

கண்ணுக்கு இனிய நிறம் தண்ணீரில் நிற்குமா என்பது அடுத்த வினா. பருத்திக்குரிய சாயங்களிலே டைரக்ட் சாயம் மலிவானது, ஏற்றுவதற்கு எளிது, துவைப்பிலே எளிதில் கரைவது. நாப்தால் சாயம் சிவப்பு, அரக்கு நிறங்களுக்குப் பெயர் பெற்றது. சாயமேற்றிய பின் கொதிநீரில் சவுக்காரம் இட்டு நன்கு அலசாவிடின் உராய்வில் ஒட்டும். கந்தகச் சாயம் கறுப்புக்கு மலிவான வழி. செம்மையாக ஏற்றாவிட்டால் கிடங்கில் இருக்கும்போதே துணி இற்றுப்போகும். ஜெர்மானிய ரசாயன அறிஞர் ரெனே போன் 1901-இல் கண்ட இண்டாந்திரீன் முதலான வாட் சாயங்கள் வெயிலையும் துவைப்பையும் ஒருங்கே தாங்கும் கெட்டிச் சாயங்கள்; விலை மிகுதி. 1956-இல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் இழையோடு இரசாயன முறையில் பிணைந்து நிற்பவை. நிறப் பொலிவு மிக்கவை. பிணையாமல் எஞ்சிய சாயத்தை அலசி நீக்காவிட்டால், கெட்டிச் சாயம் என்று சொல்லி விற்றதே முதற் சலவையில் நம் பெயரைக் கெடுத்துவிடும்.

பழைய சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற சிவப்பு, சாயவேரிலிருந்து எடுக்கப்பட்டது. கடுக்காயும் படிகாரமும் துணை நின்று அதை இழையோடு இறுக்கின. அவுரியின் நீலமும் நிலைத்து நிற்பதே. ஆனால் மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் விரைந்து மங்கும். தாவரச் சாயம் என்னும் ஒரே பெயரில் கெட்டியும் கெட்டியல்லாததும் உண்டு என்பதை விற்பனையாளர் அறிந்திருக்க வேண்டும். உடலுக்குத் தீங்கு பயக்கும் பொருளை வெளியிடவல்ல 112 சாயங்களை இந்திய அரசு 1990-களில் தடை செய்துள்ளது. பெயரில்லாத டப்பாவில் வரும் மலிவுச் சாயத்தை விலக்க வேண்டியதற்கு இதுவே போதிய காரணம்.

சோதிக்கும் முறை எளிது. சாய நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்துச் சடை போலப் பின்னுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 கிராம் சவுக்காரம் கரைத்து, அரை மணி நேரம் அதிலிட்டு அவ்வப்போது அசையுங்கள். பின்னர் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெள்ளை நூலில் கறை ஏறியிருந்தால் அச்சாயத்தை வெள்ளையோடு சேர்த்து நெய்தல் ஆகாது. அடுத்து, வெள்ளைத் துணியை உலர்ந்த நிலையில் ஒரு முறையும் நனைத்து ஒரு முறையுமாக, ஒவ்வொன்றிலும் பத்துத் தடவை நூலின்மேல் தேய்த்துப் பாருங்கள். மூன்றாவதாக, நூலை அட்டையில் சுற்றிப் பாதியை மறைத்து ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். மூன்றும் முடிந்தபின் கிடைக்கும் அட்டையையும் சடையையும் தேதியிட்டுச் சங்கத்தில் காத்து வைப்பீர்களாயின், பின்னர்ச் சாயக்காரரோடு வாதிட நேரும்போது அவையே சாட்சியாகும். ஆய்வுக் கூடங்களில் இதே சோதனைகளைச் செய்து, துவைப்புக்கு 1 முதல் 5 வரையிலும், வெளிச்சத்திற்கு 1 முதல் 8 வரையிலும் எண் இடுகின்றனர்; எண் கூடினால் சாயம் கெட்டி என்று பொருள்.

கோர்வைச் சேலை நெய்வோர் இதைச் சற்று மிகுதியாகவே கருத வேண்டும். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமைந்த சேலையில், கரையின் அரக்குச் சாயம் கசிந்தால் வெண்மையான உடல் முழுவதும் பாழாகும். பட்டு நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை பசையாக உள்ளது. சவுக்கார நீரில் காய்ச்சி அதைச் சீராக நீக்கிய பிறகே சாயம் சமமாக ஏறும். பசை எஞ்சிய இடத்தில் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும்.

1958-இல் ஒரு படிப்பினை

சாயத்தையும் துவைப்பையும் பற்றிய வணிக வரலாற்றிலே சென்னையின் பெயரோடு பிணைந்த நிகழ்ச்சி ஒன்று அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. 1958-ஆம் ஆண்டில் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதி வணிகர், கைத்தறி ஏற்றுமதியில் ஈடுபட்டிருந்த கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து மதராஸ் கட்டம் போட்ட துணியைக் கெஜம் ஒரு டாலர் வீதம் 10,000 கெஜம் வாங்கிச் சென்றார். அத்துணியின் சாயம் கரையக்கூடியது. குளிர்ந்த நீரில் தனியாக, மென்மையாகத் துவைக்க வேண்டியது. இவ்வெச்சரிக்கை வாங்கியவரிடம் சொல்லப்பட்டது; ஆயினும் நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டைகளாக விற்பனைக்கு வந்தபோது, உடுத்துவோரை அது எட்டவில்லை. துவைக்கும் இயந்திரத்தில் இட்ட சட்டைகள் நிறம் கலங்கி வெளிவந்தன. புகார்கள் குவிந்தன.

பின்னர் நிகழ்ந்ததே நாம் கருத வேண்டியது. சாயம் கரைவதை மறைப்பதற்கு மாறாக, அது கரையும் என்பதையே வெளிப்படையாக விளம்பரம் செய்தனர். ஒவ்வொரு சலவைக்கும் நிறங்கள் ஒன்றோடொன்று குழைந்து புதுத் தோற்றம் பெறும் கைத்தறித் துணி என்று அதை அறிமுகம் செய்தனர். அதே துணி, அதே சாயம். முன்னர்க் குறையாக இருந்தது 1960-களில் அமெரிக்க இளைஞர் விரும்பி அணியும் சிறப்பாயிற்று.

கரையும் சாயத்தை நாமும் துணிந்து பயன்படுத்தலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அந்நாட்டு விளம்பரச் செலவு நம் சங்கங்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. நம் வாடிக்கைக்காரரும் கரையும் வேட்டியை நாகரிகமாகக் கொள்ளார். நூலின் குணத்தை அறிந்தவர் அதை உடுத்துபவர் வரை கொண்டு சேர்க்க வேண்டும் என்பதே இதன் படிப்பினை. இடையிலே ஒருவர் வாய் மூடியிருந்தாலும் பழி நெய்தவரையே வந்தடைகிறது.

சாயநீர் செல்லும் இடம்

நெசவாளரும் பயிரிடுவோரும் ஒரே சங்கத்தில் அமர்ந்திருக்கையில் மற்றொரு வினாவையும் எழுப்பியே ஆக வேண்டும். சாயம் பற்றிய பின் மிஞ்சும் நீர் எங்கே செல்கிறது? ரியாக்டிவ் சாயத்தை இழையில் ஏற்றுவதற்கு உப்பு ஏராளமாகத் தேவைப்படுகிறது. அவ்வுப்பு நூலிலே தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. நிறத்தை நீக்கினாலும் உப்பு நீரிலேயே நிற்கும். உப்பேறிய நிலத்தில் பயிர் கருகும்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோயமுத்தூர், திருப்பூர் வழியே காவிரியில் கலக்கும் நொய்யலாறு இதற்குக் கண்கண்ட சான்று. பாசனத்திற்கென்று அதன் குறுக்கே கட்டி 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. அந்நீரைப் பாய்ச்ச முடியாமல் கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை முற்றிலும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தாத சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. ஆலைகள் மூடப்பட்டபோது தொழிலாளரும் துன்புற்றனர். உழவருக்கு நேர்ந்த கேடும் தொழிலாளருக்கு நேர்ந்த வேலையிழப்பும் ஒரே காரணத்தால் விளைந்தவை. ஆதலின் சங்கம் சாயமிடக் கொடுக்கும்போது, உரிய அனுமதியும் சுத்திகரிப்பு வசதியும் உள்ள பட்டறைக்கே கொடுத்தல் வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய் கூடினாலும், மலிவுச் சாயத்தின் மீதி விலையை நம் அங்கத்தினர் ஒருவரின் கிணறு செலுத்த வேண்டிய நிலை வாராது.

துணியோடு செல்லும் சீட்டு

இறுதியாகத் துவைப்புக் குறிப்பு. விற்கும் ஒவ்வொரு துணியோடும் சிறு சீட்டொன்றை இணைப்பது பெருஞ் செலவு பிடிப்பதன்று. அதில் ஐந்து செய்திகள் போதும்: இழை எது, முதற் சலவையைத் தனியே செய்ய வேண்டுமா, நீர் குளிர்ந்ததா வெதுவெதுப்பானதா, உலர்த்துவது நிழலிலா வெயிலிலா, இஸ்திரியின் சூடு எவ்வளவு. மாதிரிக்கு ஒன்று தருகிறோம்:

"இது முழுப் பருத்திக் கைத்தறி. முதல் இரண்டு சலவைகளைத் தனியே, குளிர்ந்த நீரில் செய்க. வெளுப்புப் பொடி கூடாது. நிழலில் உலர்த்துக. சற்று ஈரம் இருக்கும்போது இஸ்திரி செய்க. கஞ்சி நீங்கிய பின் துணி மென்மை பெறும்."

கம்பளிப் பின்னலுக்கு, "குளிர்ந்த நீரில் மென்மையான சவுக்காரத்தில் அமுக்கி எடுக்க, கசக்கவும் முறுக்கவும் கூடாது, கொடியில் தொங்கவிடாமல் பரப்பி உலர்த்துக" என்று எழுதலாம். ஈரக் கம்பளியைத் தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீண்டுவிடும்.

2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை துணி கையால் நெய்யப்பட்டது என்பதற்குச் சான்று. 2015-இல் தொடங்கிய இந்தியக் கைத்தறி பிராண்டு, மூலப்பொருள், சாயம், நெசவு ஆகியவற்றின் தரத்தையும் கருதுவது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் வாயிலாகவோ நேரடியாகவோ விற்கும் சங்கம் எதுவாயினும், முத்திரை வாங்குபவரைக் கடைக்குள் கொண்டு வரும்; துவைத்த பின்னும் மாறாத துணியே அவரை மறுபடி வரச் செய்யும்.

சங்கங்கள் மேற்கொள்ளத்தக்கவை

1. நூல் கொள்முதல் குழுவில் தறியில் அமரும் நெசவாளி ஒருவரேனும் இடம்பெற வேண்டும். நெசவில் ஈடுபடும் பெண் அங்கத்தினருக்கும் அதில் இடம் வேண்டும்.

2. கட்டு வந்து இறங்கியவுடன் ஐந்து சிட்டங்களை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்து எடை பார்த்து, நம்பர்ப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

3. ஒவ்வொரு சாயத் தொகுதிக்கும் சடைச் சோதனை நடத்தி, தேறிய பிறகே பாவு ஓட்டக் கொடுக்க வேண்டும்.

4. ஒரே வடிவத்திற்கு வேண்டிய சாய நூல் முழுவதையும் ஒரே தொகுதியில் ஏற்றிப் பெற வேண்டும்.

5. நூல் அறுவது மிகுதியாயின் நெசவாளி அதை உடனே தெரிவிக்க வழி இருக்க வேண்டும். நூலின் குற்றத்துக்காக அவர் கூலியில் பிடித்தம் செய்யலாகாது.

6. திரும்பி வந்த துணிகளை மூலையில் போட்டுவிடாமல், எந்த நூல், எந்தச் சாயம் என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு சிறு தராசு, சிறிது சவுக்காரம், ஒரு பதிவேடு, பொறுப்புள்ள ஒருவர் ஆகியவை போதும். அங்கத்தினர்கள் அடுத்த பொதுக் கூட்டத்தில் நம்பர்ப் பதிவேட்டையும் சாயச் சோதனை அட்டைகளையும் பார்வைக்கு வைக்குமாறு கேட்பார்களாக. அவை இல்லாத சங்கங்களில் அன்றே தொடங்குமாறு தீர்மானம் நிறைவேற்றுவார்களாக. அடுத்த பண்டிகைக்குரிய நூல் வந்து இறங்குவதற்கு முன் இது நடைபெறுமாயின், அப்பண்டிகைச் சரக்கிலேயே அதன் பயனைக் காணலாம்.